212-ஆம் பக்கத்தில் என் பெயர்

மார்ச் 4

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இந்த நோட்டு யார் கண்ணிலாவது பட்டால் பொறுத்துக்கொள்ளவும். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. தவிர, எழுத்துக் கற்று ஐந்து மாதம்தான் ஆகிறது, வயது எழுபத்தொன்று. இவ்வளவு எழுத மத்தியானம் முழுக்க ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட்டேன், நானே.

மார்ச் 9

ரொட்டிக் கடைப் பலகையைப் படித்தேன். "ரொட்டிக் கடை" என்றுதான் போட்டிருக்கிறது. நாற்பது வருடமாக வேறு ஏதோ பெரிதாக எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 17

ஐயாவின் புத்தகம் கைக்கு வந்தது. ஃபோக்கியோன் கர்த்தேரிஸ், தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. அவர் தாத்தா எங்கள் தொகுதி எம்.பி., அப்பா அமைச்சர், இவர் நான்கு முறை அமைச்சர். இருபத்திரண்டு வருடம் அவர் காரை ஓட்டியவன் நான். என் மகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பாதிரியார் மனைவி எவாந்தியா அம்மாளுக்கு ஏனோ புத்தகத்தைத் தர மனமில்லை.

"எதுக்கு பெரியவரே இவ்ளோ தடிமனா? உங்க வேகத்துக்கு ரெண்டு தேர்தல் வந்து போயிடும்."

"வரட்டும்மா. நான் எங்க போகப் போறேன்?"

மார்ச் 23

என் பெயரின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். ஏழாம் நாள், 212-ஆம் பக்கம். ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்த அந்த ஏப்ரல், ஐயா ஒளிந்திருந்து பிடிபட்ட கதை. அதில் இரண்டே சொல்: "ஸ்தமாத்திஸ் மர்த்திரிசே."

அந்த இரண்டாவது சொல்லைப் படிக்கவே வேண்டாம், காது அறியும். புனிதர்களின் நாளில் கோயிலில் கேட்பதுதான். வதைபட்டான், உடலைக் கொடுத்தான். ஐயா மறக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 24

காப்பிக் கடையில், "எல்லாருக்கும் என் கணக்குல ஆளுக்கொரு கிளாஸ் ஊசோ சாராயம் ஊத்து" என்றேன்.

கடைக்கார கோச்சோஸ் கேட்டான்: "என்ன விசேஷம்? இந்த வயசுல பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?"

"ஐயா புத்தகத்துல நான் இருக்கேன்டா. 212-ஆம் பக்கம்."

யாரும் கிளாஸைத் தொடவில்லை. சீட்டாடியவர்கள் சீட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள். கோச்சோஸ் காசு வாங்கவில்லை. "வீட்டுக்குப் போ, ஸ்தமாத்தி" என்றான்.

என்ன தப்பாகச் சொன்னேன்?

மார்ச் 26

எவாந்தியா அம்மாள் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்குத் தெருவில் வேறு பொருள். பள்ளிக்கூடத்தில் ஒருவன் இன்னொருவனை வாத்தியாரிடம் மாட்டிவிட்டால் அதற்கும் மர்த்திரிசேதான். காட்டிக்கொடுத்தான்.

அடுத்த வரியை அவரே படித்தார்: "அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஏழை, எழுத்தறியாதவன்."

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம்மா?"

"புத்தகம் வந்த கிறிஸ்துமஸ்ல இருந்து."

மார்ச் 27

ஒன்றுமில்லை.

மார்ச் 30

நடந்ததை எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன்.

அந்த ஏப்ரலில் கர்னல்களின் சிப்பாய்கள் என்னைக் காரிலிருந்து இழுத்தார்கள். ஐயா எங்கே என்றார்கள். சொல்லவில்லை. கார்க் கதவில் என் கையை வைத்து அறைந்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் காலை கேட்பதை நிறுத்திவிட்டார்கள். போகச் சொல்லும்போது அதிகாரி சிரித்தான்: "உன் முதலாளியோட தம்பிக்கு உன்னைவிட புத்தி இருக்குடா. ஒரே ஒரு போன், முடிஞ்சுது."

தம்பி இயாசோன். செத்துப் பல வருடம் ஆகிறது. ஐயா தீவுச் சிறையிலிருந்து வந்த அன்றே அவரிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். அதன்பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 15

தேவமாதா திருநாள். ஐயா ஊருக்கு வந்தார். எண்பத்து நான்கு வயது, சக்கர நாற்காலி. வாசலில் வழக்கம்போல் வரிசை: மகனுக்கு வேலை, மருமகனுக்கு இடமாற்றம். நானும் நின்றேன்.

"டேய் ஸ்தமாத்தி, உனக்கு என்னடா வேணும்?"

"212-ஆம் பக்கம், ஐயா."

புரிய நேரம் எடுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உனக்குத்தான் படிக்கத் தெரியாதேடா."

"இப்ப தெரியும்."

எல்லாரையும் வெளியே அனுப்பினார். "இயாசோன் பையன் லெயோன் தேர்தல்ல நிக்கிறான். நாலாவது தலைமுறைடா. அவங்கப்பன் பேரை நான் எப்படிப் போடுவேன்?"

"யார் பேரும் போடாம விட்டிருக்கலாமே."

"எல்லாரும் கேப்பாங்களே, யாருன்னு. தேர்தல் முடியட்டும். அடுத்த பதிப்புல மாத்திடறேன்" என்றார்.

அவர் கையை முத்தமிடாமல் வந்தேன். முதல் தடவை.

செப்டம்பர் 29

ஐயா செத்துப்போனார். வியாழனன்று அடக்கம். பீரங்கி வண்டியில் பெட்டி, கொடி, நான்கு அமைச்சர்கள் பேச்சு.

அதற்கு முந்தின நாள் லெயோன் என்னைத் தேடி வந்தான். "மாமா, பெரியப்பாவோட பதக்கங்களை வச்ச தட்டை நீங்க தூக்கிட்டு முன்னாடி நடங்க. பெரியப்பா உங்களை மன்னிச்சாருன்னு ஊரே பாக்கட்டும். டிவிக்காரங்க வராங்க."

"எதுக்குப்பா மன்னிச்சாரு?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தன் அப்பா செய்தது அவனுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் சிவந்ததைப் பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை.

நான் தூக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று அழுதேன். ஆமாம், அழுதேன். இருபத்திரண்டு வருடம்.

அக்டோபர் 6

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஏப்ரலில் ஐயாவைக் காட்டிக்கொடுத்தவன் நான் அல்ல. ஸ்தமாத்திஸ்." இயாசோன் பெயரைப் போடவில்லை. எனக்கு என் பெயர் போதும். காப்பிக் கடைக் கதவில் ஒட்டினேன்.

அக்டோபர் 7

கிழித்துவிட்டார்கள்.

அக்டோபர் 13

மறுபடி ஒட்டினேன். கிழித்தார்கள். மகள் அழுதாள். "ஏம்ப்பா, ஊர்ல எங்களை இருக்க விடமாட்டியா?" என்றாள். அவள் புருஷனுக்கு நகராட்சியில் வேலை வாங்கித் தந்தது அந்தக் குடும்பம்தான்.

அக்டோபர் 20

லெயோன் ஜெயித்தான். எங்கள் ஊரில் பத்துக்கு எட்டு ஓட்டு அவனுக்கு. மருமகன் போட்டதும் அவனுக்குத்தான்.

அக்டோபர் 24

மகள் இந்த வாரம் வரவில்லை.

நவம்பர் 3

தாளோடு போனேன். கோச்சோஸ் ஒரு வாளிப் பசையை முன்னால் வைத்தான்.

"லெயோன் போஸ்டருக்குக் காய்ச்சினது. மிச்சம் கிடக்கு, எடுத்துக்க" என்றான். பிறகு தாளை வாங்கி, கதவில் வேண்டாம் என்று, உள்ளே சுவரில், கணப்பு அடுப்புக்கு மேலே அவனே ஒட்டினான். சீட்டாடியவர்களில் ஒருவர் எழுந்து வந்து படித்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அது சுவரில் இருக்குமா, தெரியாது. கிழிந்திருந்தால் மறுபடி எழுதுவேன். கிழியாமல் இருந்தால் மகளுக்கு ஒரு கடிதம் எழுதுவேன்.