முதல் மீனை விட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை வலைப்பைக்குள் ஈயக்குண்டு தேடும்போது அந்த எலும்புத் தகடு விரலைக் கீறிவிட்டது. ஸ்டர்ஜன் மீனின் முதுகுத் தகடு. உன்னை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிய அன்று என் சட்டைப்பைக்குள் நீ போட்டுவிட்டுப் போனது. நீ செத்து மூன்று மாதமாகியும் குத்துவதை விடவில்லை.

வெளிநாட்டில், பாலைவனத்தின் நடுவில் ஒரு ஸ்டர்ஜன் மீன் பண்ணை. மட்டக்களப்பு வாவியில் தோணி தள்ளிய நாம் இருவரும் அங்கே தொட்டி கழுவினோம். ஆறுகளில் அணை கட்டி, கேவியர் என்று பொன் விலைக்கு விற்கும் சினைக்காகவே பிடித்துப் பிடித்து, அந்த மீன்கள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன என்று பண்ணை வைத்தியர் சொன்னார். "ஆத்துல இல்லாத மீன இஞ்ச தொட்டிக்குள்ள வளத்து வெட்டுறானுகள்" என்று நீ நாள் முழுக்க முணுமுணுத்தாய். வேலையைப் பாரடா என்றேன்.

வைத்தியர் வயிற்றை ஸ்கேன் பண்ணி, சினை முற்றிய மீனுக்கு அடையாளம் போடுவார். அவற்றை வெட்டும் அறைக்குத் தூக்கிப்போவது நம் வேலை. முதல் வீச்சில் சினை மீன் வந்தால் வாவிக்கே விடுவது உங்கள் வீட்டு வழக்கம். அதை விமானம் ஏற்றிக் கொண்டுவருவாயென்று யார் கண்டது? அன்றைய முதல் மீனைத் தூக்கினாய், கொஞ்சம் நின்றாய், திரும்பத் தொட்டிக்குள்ளேயே விட்டாய்.

மேற்பார்வையாளர் கத்திக்கொண்டு வந்தார்.

"வழுக்கிட்டுது எண்டு சொல்லன்டா" என்றேன்.

"வழுக்கல்ல மச்சான். நாந்தான் விட்டனான்."

அதையே அவரிடமும் சொன்னாய். ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். நீ விட்ட மீனை அன்று பின்னேரமே பிடித்து வெட்டினார்கள். தூக்கிக்கொண்டு போனவன் நான். இதை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நானும் ஊருக்கு வந்து பார்த்தால், நீ திருந்தவில்லை. வாவி முழுக்க மெல்லிய நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலை, குஞ்சும் தப்பாது. நீ மட்டும் சினை மீனை விட்டுவிட்டுப் பாதிக் கூடையோடு வருவாய். இதனால் என்னடா பிரயோசனம் என்று எத்தனை தரம் கேட்டேன்! சிரித்ததோடு சரி. இப்போது கேட்கவும் ஆளில்லை. எரிச்சலாக வருகிறது.

இன்று என் முதல் வீச்சில் சினையால் வயிறு புடைத்த கொடுவா மீன் ஒன்று. கீறிய விரல் உப்புத் தண்ணீரில் எரிந்தது. விட்டேன். அது நேரே பக்கத்துத் தோணிக்காரன் வலைப்பக்கம்தான் போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு உன்னைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"என்ன அண்ணன், வழுக்கிட்டுதா?" என்று அவன் கேட்டான்.

"இல்ல. விட்டனான்" என்றேன்.