முட்டிக்கு ஒரு பை

ஜூன் 3, திங்கள்

முயலு, உன் பொண்டாட்டி மறுபடியும் வண்டியை எடுக்கப் போகிறாளாம்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், உப்புக் கொஞ்சம் தள்ளுங்க என்பது மாதிரி. "மாசக் கடைசியில குன்றுப் பாதையில ஒரு பைக் ஓட்டம் இருக்கு அத்தை. பேரு குடுத்துட்டேன்."

நீ விழுந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதே குன்று. அதே கல்லும் மண்ணும். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க சொன்னா போகல. ஆனா சொல்லாதீங்க."

இது என்ன பேச்சு? சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பூட்டாதே என்கிற மாதிரி. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 4

இன்று வீட்டில் மிக்ஸி மட்டும் கத்தியது.

ஜூன் 7, வெள்ளி

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நின்றுவிடுவாள், அதுதான் பயம். நின்றுவிட்டு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். நீ போன பிறகு அந்த நாலைந்து மாதம் பார்த்தேனே, போதும்.

சரி, போவதானால் கவசத்தோடு போகட்டும். பரணில் ஏறி உன்னுடையதை இறக்கினேன். மார்புக்கு ஒன்று, முட்டிக்கு ரெண்டு, முழங்கைக்கு ரெண்டு. எல்லாம் கெட்டி பிளாஸ்டிக். அன்றைக்கு நீ மாட்டாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. "ஆமை ஓட்டைத் தூக்கிக்கிட்டு முயல் ஓடுமாம்மா?" என்று சிரித்தாய். தலையில் ஹெல்மெட் இருந்தது, தலையில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சில் ஒரே ஒரு கல்.

துடைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

என்னை ஏமாற்றிவிட்டாள்.

காலையில் பயிற்சிக்குப் போகும்போது நானே வாரைப் பூட்டி அனுப்பினேன். சாயங்காலம் வந்தாள். எப்படி இருந்தது என்றேன். நல்லா இருந்துச்சு என்றாள். கழுவி வைக்கலாம் என்று பையைத் திறந்தால் பேண்ட் முழுக்கச் சேறு, கவசத்தில் ஒரு தூசி இல்லை!

"தெருமுனையிலயே கழட்டிட்டேன் அத்தை."

"அப்போ என் கண்ணுக்குத்தான் போட்டுக்கிட்டியா?"

"முட்டிய மடக்க முடியல. எந்திரிச்சு நின்னு ஓட்டணும், இது தொடையில முட்டுது. மார்புல இருக்கறது மூச்சு வாங்க விடல. இதப் போட்டாதான் விழுவேன்."

உன் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. ரெண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்தானா? எங்கேயாவது போய்த் தொலை என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

வண்டிச் சாமான் கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். இல்லை, அவள்தான் என்னை வண்டி இல்லாமல் நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரத் தம்பி ஒன்றை எடுத்து வைத்தான். கையகலம், விரல் தடிமன், முழுக்க ஓட்டை ஓட்டையாக. முறுக்கினால் முறுகுகிறது, சுருட்டினால் சுருள்கிறது. தூக்கினால் கனமே இல்லை.

"இது பாத்திரம் தேய்க்கறதுப்பா. கவசம் காட்டு."

"இதுதாம்மா கவசம். சும்மா இருக்கும்போது மெத்துனு இருக்கும். அடி விழுந்தா அந்த நிமிஷம் இறுகி அடியை வாங்கிக்கும். ஓட்டை காத்து போறதுக்கு."

கையை மேசையில் வைத்து, மேலே அதைப் போட்டு, மரச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டான். விரலை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். சர்க்கஸ்காரன்.

"அது உன் கை. நெஞ்சுக்கு?"

நெஞ்சுக்கு வேறு, முதுகுக்கு வேறு என்று அடுக்கினான். ஒன்று, ரெண்டு என்று தரம் இருக்கிறதாம். ரெண்டு கொஞ்சம் தடிமன், அடியை அதிகமாகத் தாங்கும். மூணு இல்லையா என்று கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். இவள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவு காலம். அந்தக் கோபத்தில் ரெண்டாம் தரத்தையே எல்லாத்துக்கும் வாங்கினேன்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. மெத்தென்று இருப்பதை நம்பி எப்படி அனுப்புவது?

ஜூன் 14, வெள்ளி

வார் வைத்துக் கட்டினால் மறுபடி தெருமுனையில் கழட்டுவாள். அதனால் பேண்டின் உள்பக்கமும் சட்டையின் உள்பக்கமும் வலைத்துணியில் பை வைத்துத் தைத்து, கடையில் வாங்கிய அந்த மெத்துப் பேடுகளை உள்ளே சொருகி, பை வாயையும் தைத்து அடைத்துவிட்டேன். இனிக் கழட்டட்டும் பார்க்கலாம். கழட்டினால் பேண்டே இல்லாமல்தான் ஓட்டணும்.

"சிறை வைக்கறீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

ரெண்டு முட்டியும் தோல் உரிந்து வந்திருக்கிறாள். பேடு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் முட்டியில் இல்லை, தொடையில் இருக்கிறது!

கடைக்காரனைத் திட்டினேன். பேடைத் திட்டினேன். மருந்து போடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "நிக்க வச்சு அளவெடுத்தீங்க அத்தை. நான் என்ன நடந்து கடைக்கா போறேன்? வண்டில உக்காந்து கால மடக்கினா துணி மேல ஏறிடும்."

இத்தனை வருஷமாகத் தைக்கிறேன். எல்லாரையும் நிற்க வைத்தே அளவெடுத்துப் பழகிவிட்டது. மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தொடைக்குக் கவசம் போட்டு முட்டியைக் கொடுத்தேன். இதே மாதிரி நெஞ்சுப் பேடு வயிற்றுக்கு இறங்கியிருந்தால்?

ஜூன் 17

பிரித்துக்கொண்டிருக்கிறேன். கழட்டவே கூடாது என்று போட்ட தையல், என் கைக்கே பிரிய மாட்டேன் என்கிறது. நல்லா வேணும் எனக்கு.

ஜூன் 20, வியாழன்

வண்டி நிற்கும் கொட்டகைக்குள் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. அவளுடைய வண்டியைக்கூடப் பார்த்ததில்லை, சத்தம்தான் கேட்பேன்.

ஏறி உட்கார் என்றேன். ஒருவேளை நான் மயங்கி விழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னையே பார்த்தாள். டேப்பைக் காட்டி அதட்டினேன். உட்கார்ந்தாள். காலை மடக்கச் சொல்லி சாக்பீஸால் கோடு போட்டேன். முன்னே பை வைத்த இடத்துக்கு நாலு விரல் கீழே. பிறகு எழுந்து நின்று, குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, திரும்பி — ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. முதுகு, முழங்கை, நெஞ்சு. நெஞ்சுக்குக் கோடு போடும்போது சாக்பீஸ் உடைந்துவிட்டது.

"அத்தை, மூச்சு விடலாமா?"

"விடு. விட்டாத்தானே அளவு தெரியும்."

உடம்பு வண்டி மேல் இத்தனை விதமாக வளையும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஜூன் 30, ஞாயிறு

விடியும் முன்னே போனாள். இன்று வந்த துணி எதையும் தைக்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்து, உருவி, மறுபடி கோர்த்து.

வெயில் சாய்ந்த பிறகு சத்தம் கேட்டது. கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாளாம். அதைப் பெருமையாகச் சொல்கிறாள்! ஒரு இறக்கத்தில் சறுக்கியிருக்கிறாள். வலது முழங்கையில் சட்டை கிழிந்து உள்ளே பேடு எட்டிப் பார்த்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செவந்திருக்கிறது, அவ்வளவுதான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"இதக் கொஞ்சம் தைச்சு வைங்க அத்தை. அடுத்த மாசம் வேணும்."

வாங்கிக்கொண்டேன்.

குளிக்கப் போனவள் வாசற்படியில் நின்று, "உச்சியில வண்டிய நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் கேட்டால் அழுதுவிடுவாள்.

நீ சொல்லேன் முயலு. அங்க நின்னு பாத்தா அப்படி என்னடா தெரியும்?