ராயம்மாள் அக்கா பாலில் நாற்பத்தொன்று

6.5.86
ரஷ்யாவில் அணு உலை வெடித்ததிலிருந்து ரேடியோவை விட்டு நகரவில்லை. நேற்று மாரண்டஹள்ளியில் மழை! அணுத்தூசி இறங்கிய அந்தப் புல்லை மேய்ந்த மாடுதானே என்று, ராயம்மாள் அக்கா ஊற்றிய பாலை ஒரு புட்டியில் அடைத்து, கதிர்வீச்சு எண்ணும் என் கைகர் கவுண்டருக்குக் கிட்டே வைத்தேன். அதன் ட்யூப் பெங்களூர் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒயர் எல்லாம் நானே பற்றவைத்தது. நிமிடத்துக்கு 41 டிக். அக்பர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

8.5.86
அண்ணன் டீக்கடையில் உளறிவிட்டான். "ராயம்மா பாலு டிக்கு டிக்குங்குதாம்டா!" ஒருத்தரும் வாங்கவில்லை. அக்கா இரண்டு கேன் பாலைச் சாக்கடையில் கொட்டினார். எட்டு நாளில் கதிர்வீச்சு பாதியாகும், அதே புட்டியை எண்ணிக் காட்டுகிறேன் என்றேன்.

"எட்டு நாளு மாடு கறக்காம இருக்குமா குல்ஷன்?"

14.5.86
பால் திரிந்து நாறுகிறது. 42. பாதியாகணுமே! தர்மபுரிக்கு பஸ் ஏறி, காலேஜ் பிசிக்ஸ் சாரிடம் எண்ணிக்கை எழுதிய நோட்டை நீட்டினேன். திறக்கவே இல்லை. "பத்தாவதோட நின்ன புள்ளைக்கு எதுக்கும்மா அணு?" அப்போ யாருக்குய்யா? பாலைக் கொட்டுனவங்களுக்கு யாரு பதில் சொல்றது?

15.5.86
காலிப் புட்டி 41. காலிப் புட்டி!
மொட்டை மாடியில் பால் 12, காலி 12. அப்படியானால் என் அறையில்தான் ஏதோ... மேஜைக்கு அடியில் அத்தா வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளில் கட்டி எரிக்கும் வலை, மேண்டில், பெட்டி பெட்டியாக. ஒரு மேண்டிலைக் கிட்டே வைத்தேன். சடசடவென்று பொரிந்தது. மேண்டிலில் கதிர்வீசும் தோரியம் உண்டு — புத்தகத்தில் படித்து, பென்சிலில் கோடுகூடப் போட்டிருக்கிறேன். காலிப் புட்டியை முதல் நாளே எண்ணாத மடச்சி. சாரைத் திட்டினேனாம்!

16.5.86
அத்தா: "கல்யாண சீசன்ல வெளக்குல விஷம்னு கெளப்பி வுடப் போறியா? பால்ல ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லு."
அப்போ 41 எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்களா? அக்கா பால்னா கொட்டலாம், நம்ம வெளக்குன்னா வாய மூடணுமா?

17.5.86
டீக்கடை பெஞ்சில் எல்லாரையும் கேட்க வைத்தேன். காலிப் புட்டி, பால், மேண்டில். தப்பு என்னுது என்றேன். அக்கா அன்று கறந்த பாலை அங்கேயே குடித்தேன்.

24.5.86
அக்கா இன்று எங்கள் வூட்டில் அரை லிட்டர் ஊற்றினார். சிரிக்கவில்லை. ஆறு பெட்ரோமாக்ஸ் சொல்லியிருந்த கல்யாண வீட்டார் ட்யூப்லைட்டே போதும் என்றுவிட்டார்கள். அத்தா மேண்டில் பெட்டிகளை என் அறையிலிருந்து தூக்கிப் போனார்.

மேஜையில் இப்போது 12.