வாளிக்குள் வெங்காயம்

ஒக்ரோபர் 5, 1996. சனி

காலை மூட்டம். பிறகு வெயில், ஆனால் குளிர் காற்று. பின்வளவில் பாத்தி கொத்தினேன். தனியாக. ஒவ்வொரு வருடமும் மண்வெட்டியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு இறங்குகிறவர் இவர்தான். இன்றைக்கு நாரிப்பிடிப்பாம், இடுப்பை வளைக்க ஏலாதாம். நாரி பிடித்த மனுசன் மத்தியானம் குசினிக் குழாயைத் திருத்துகிறார். இரண்டு வருடமாய் ஒழுகின குழாய். நான் சொல்லிச் சொல்லிக் களைத்து விட்டுவிட்டேன்.

இன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

நட இருப்பது: சின்ன வெங்காயம் ஒரு பை, உள்ளிப்பூண்டு கொஞ்சம். மூட வைக்கோல்.

“இப்ப ஏனப்பா உதை நடுறீர்? ஸ்பிரிங்கிலை பாப்பம்.”

“ஸ்பிரிங்கிலை நட்டால் உந்த அளவுக்கு விளையாது. உங்களுக்குத் தெரியாதே?”

தெரியும். இவர் தோட்டக்காரக் குடும்பம். போன வருடம் இதே இடத்தில் நின்று எனக்கு வகுப்பெடுத்தவர். ஸ்பானரைத் தேடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டார்.

ஒக். 6, ஞாயிறு

மழை. தோட்டம் இல்லை. உடுப்புத் தோய்த்தேன். மிசிசாகாவிலிருந்து இவருடைய தம்பி ரெலிபோன். இவர் வயரை இழுத்துக்கொண்டு பேஸ்மென்ற் படியில் போய் இருந்து கதைத்தார். காதில் விழுந்தது: “இல்லை... அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.”

அவ நான்தான். என்ன சொல்லவில்லை?

ஒக். 8, செவ்வாய்

வேலையால் வந்து பார்த்தால் பாத்தியில் சப்பாத்து அடையாளம். கூர் மூக்கு. இவருடையது அகலமான வேலைச் சப்பாத்து. இந்தக் கிழமை இவருக்கு இரவு ஷிப்ற், பகலில் வீட்டில்தான்.

“மீற்றர் பாக்கிறவன் வந்தவன்.”

மீற்றர் முன்சுவரில் இருக்கிறது.

வீட்டை விற்கப் பார்க்கிறார். வேறென்ன? தம்பியும் மிசிசாகாவில், இவருடைய எயாப்போட் வேலையும் அந்தப் பக்கம். 401 நெடுஞ்சாலையில் தினமும் சாகிறேன் என்ற புலம்பல் வேறு. எனக்கு வேலை, கடை எல்லாம் நடந்து போகிற தூரம். இந்த மண் வந்த புதிதில் வெறும் களி. முட்டைக்கோதும் இலைக்குப்பையும் போட்டுப் போட்டுக் கறுப்பாக்கினது நான். அதை வீடு பார்க்க வந்த எவனோ மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆத்திரத்தில் பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுவும் சந்தேகம்தான்.

ஒக். 12, சனி

நல்ல வெயில். ஓவர்டைம் முடிந்து பின்னேரம் வந்தேன். இவர் பின்வளவில், கையெல்லாம் மண்.

“வெங்காயம் நட்டிட்டன்.”

மனம் இளகிவிட்டது. வீணாகச் சந்தேகப்பட்டேனே என்று தேநீர் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பாத்தி வெறுமை. சுவரோரம் பழைய பெயின்ற் வாளிகள், அடியில் ஓட்டை போட்டபடி. வெங்காயம் முழுக்க அதற்குள்.

“வாளிக்கை வைச்சால் குளிருக்கு விறைச்சுச் செத்துப்போகுமெல்லே?”

“கராஜுக்கை வைப்பம்.”

“ஏன் நிலத்திலை நடேல்லை?”

வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். “வாளியெண்டால் வெங்காயத்தையும் எங்களோடை கொண்டுபோகலாம் எண்டு நினைச்சன். தம்பியின்ரை றோட்டிலை ஒரு வீடு வந்திருக்கு.”

தேநீரை அவர் கையில் கொடுத்தேன். வாளிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாத்தியில் நட்டேன். வீடு இரண்டு பேரின் பெயரிலும். என் கையெழுத்து இல்லாமல் விற்க ஏலாது.

“வெங்காயம் கிண்டின பிறகு என்னட்டைக் கையெழுத்துக் கேளுங்கோ.”

“அது அடுத்த ஆடியெல்லே. அந்த வீட்டுக்காரங்கள் அதுவரைக்கும் நிக்க மாட்டாங்கள். நான் சொல்லுக் குடுத்திட்டன்.”

“நீங்கள் குடுத்தது உங்கடை சொல்லு,” என்றேன்.

இருட்ட முன்னம் வைக்கோல் போட்டு மூடினேன். அவர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றேன்.