முந்திரிக் கொட்டகையில் கை பார்த்தது

11 ஜூன் 2024, செவ்வாய்

முழங்கால் வலி. காலையில் தடுப்பூசி, மதியம் கர்ப்பிணிப் பதிவு, அதே பதிவு மறுபடியும் போனில். இதற்கிடையில் சென்னையிலிருந்து டாக்டர் இளமதி கூப்பிட்டார். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைப்புண்ணுக்கு ஒரு வழிகாட்டி எழுதுகிறார்களாம். ஆராய்ச்சிக்காரர்களும் டாக்டர்களும் எங்களைப் போன்ற கிராம நர்சுகளும் சேர்ந்து. "நீங்க பாக்குறதத்தான் சிஸ்டர் நாங்க எழுதணும்" என்றார். இருபத்தோரு வருட சர்வீசில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அய்யோ, இன்னொரு ரெஜிஸ்டரா என்று இருந்தது.

14 ஜூன், வெள்ளி

கந்தர்வக்கோட்டை ரோட்டில் முதலாளி திருப்பதியின் கொட்டகைக்குப் போனேன். நாற்பத்தொரு பெண்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டுகிறார்கள். ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரிகிறது. எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை. கையுறை கொடுத்தால் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள் — கொட்டை நழுவுதாம், பருப்பு முழுசாக வராதாம்.

பதினேழு பேருக்குப் புண். ராக்காயிக்கு விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினில் வைத்தால் ஏற்காதாம். "அந்த மிஷினு என்னயச் செத்துப்போனவன்னு நெனக்குது நர்சம்மா" என்று சிரிக்கிறாள். புருஷன் போய் நாலு வருடம். மகள் புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். அந்தக் கையை வைத்துத்தான் எல்லாம்.

27 ஜூன், வியாழன்

புதுக்கோட்டையில் கூட்டம். ஏசி குளிரில் கால் இன்னும் மோசம். ப்ரொஃபசர் ஒருவர், தோல் டாக்டர்கள் இருவர், தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர், நர்சுகள் ஆறு பேர்.

கை கழுவுவது, எண்ணெய் தடவுவது, கையுறை — எல்லாவற்றையும் அவர்களே பேசிக்கொண்டார்கள். புண் வந்துவிட்டால் என்ன செய்வது என்றபோது நான் எழுந்தேன். "புண்ணு ஆறுற வரைக்கும் அவங்க வேலை செய்யக் கூடாதுன்னு போடுங்க சார்." ப்ரொஃபசர், "எக்ஸலன்ட்!" என்றார். ஆறாவது விதி. என் விதி. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன் போல. பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

1 ஜூலை, திங்கள்

விதிகளைத் தமிழில் அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். இன்னும் வரைவுதான், நடைமுறைக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பதி நிதானமாகப் படித்தார். "யார் யாருக்குப் புண்ணுன்னு பேரு குடுங்க சிஸ்டர், நான் பாத்துக்குறேன்" என்றார். கேட்டு வாங்குகிற முதலாளியை இன்றுதான் பார்க்கிறேன்! பதினேழு பேரையும் எழுதிக் கொடுத்தேன்.

24 ஜூலை, புதன்

மூன்று பேருக்குத்தான் புண். மூன்றே மூன்று!

ஆடி பிறந்ததால் கொட்டகை முழுக்க மருதாணிக் கை. உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை செக்கச்செவேல் என்று அப்பியிருக்கிறார்கள். "என்னங்கடி, எல்லாருக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணமா?" என்று கிண்டல் செய்தேன். யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. வெயில் அப்படி.

ராக்காயியும் வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள் மருதாணி வைத்தால் ஊர் பேசும். பேசட்டுமே! துணிந்துவிட்டாளே என்று மனசுக்குள் கைதட்டினேன். அவள் பேருக்கு நேராக எழுதியது: புண் இல்லை.

அந்த மூன்று பேரின் பேரைத் திருப்பதியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

30 ஜூலை, செவ்வாய்

இளமதிக்கு ஒரே சந்தோஷம். "பதினேழு மூணா கொறைஞ்சிருக்கு! உங்க ஆறாவது விதிதான் சிஸ்டர்!" ஆகஸ்ட் 20 கூட்டத்தில் இந்தக் கணக்கை வைத்து வழிகாட்டியை முடித்து அச்சுக்கு அனுப்புவார்களாம். முந்திரி உடைக்கிற ஊருக்கெல்லாம் போகுமாம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

காய்ச்சல் ரிப்போர்ட் இன்னும் அனுப்பவில்லை. தூக்கம் தூக்கமாக வருகிறது.

9 ஆகஸ்ட், வெள்ளி

ராக்காயியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வலது கை. முழங்கை வரைக்கும் வீக்கமாம். அவள் கையில்தான் ஒன்றும் இல்லையே?

10 ஆகஸ்ட், சனி

போய்ப் பார்த்தேன். கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றேன். மோதிர விரல் கறுத்துக் கிடக்கிறது. மேலே மருதாணிச் சிவப்பு, அதற்கு அடியில் சீழ்.

"ஏண்டி எங்கிட்டக் காட்டல?"

"காட்டுன மூணு பேரும் வீட்டுலதானே கெடக்குறாளுக" என்றாள். கோபம்கூட இல்லை. "நீங்க மொதத் தடவ பேரு குடுத்த மறுநாளே பதினேழு பேரையும் போகச் சொல்லிட்டாரு. சொவத்துலயே ஒட்டியிருக்கு, நர்சம்மாதான் எழுதியிருக்குன்னாரு. ரெண்டு வாரம் வேல இல்ல. ஆடி பொறந்துச்சு, எல்லாருமா புண்ணு தெரியாம மருதாணிய அப்பிக்கிட்டு வேலைக்குப் போயிட்டோம். புண்ணு இல்லாதவளும் எங்களுக்காக வச்சுக்கிட்டா."

"நீயுமா?"

"எனக்குத்தான் அசிங்கமாப் போச்சு நர்சம்மா. தாலி இல்லாதவ கையில இது என்னன்னு மக கேட்டா. அதுக்கு மூஞ்சியக் காட்ட முடியல."

நான் கைதட்டினேனே. அவ வெக்கப்பட்டுக்கிட்டு கையை நீட்டுனப்ப நான் மனசுக்குள்ள கைதட்டிக்கிட்டு நின்னேனே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விரலைத் தொட்டு அமுக்கியிருந்தா அவ மூஞ்சி சொல்லியிருக்கும். தொடல. எட்ட நின்னு பாத்துட்டு எழுதிட்டேன். கால் வலிக்குதுன்னு. குனிய முடியலன்னு. என்ன நர்சு நான்?

11 ஆகஸ்ட், ஞாயிறு

விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். சர்ச்சில் பூசைக்குப் போனேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

இளமதியிடம் சொன்னேன். மெதுவாக, "ஜூலைக் கணக்கை மட்டும் எடுத்துடலாமா சிஸ்டர்? மத்தது சரியாத்தானே இருக்கு?" என்றார். பாவம், அவருக்கும் இது ஒன்றரை வருட வேலை.

"கணக்க எடுத்துட்டா விதி அங்கேயேல்ல இருக்கும். ஊர் ஊரா ஒட்டுவாங்க. ஊர் ஊரா மருதாணி வப்பாளுக" என்றேன். "நானே கூட்டத்துல சொல்றேன்."

மெமோ கொடுத்தால்? ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. பேசாமல் இருந்திருக்கலாமோ? எழுதும்போதே என்மேல் எனக்கு வெறுப்பாக வருகிறது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன். மூன்று பேர் என்பது பொய், பேர் கொடுத்தது நான், ஒரு பெண்ணுக்கு விரல் போய்விட்டது. ப்ரொஃபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமே" என்றார். "கண்டுபிடிச்சிருக்கணும் சார்" என்றேன்.

அப்போது இளமதி எழுந்தார். "சார், இந்த ரூம்ல கொட்டை உடைக்கிறவங்க ஒருத்தர்கூட இல்ல. சிஸ்டரை மட்டும் கேட்டு என்ன செய்றது?"

அச்சு நின்றது. அடுத்த கூட்டம் கொட்டகையில். மெமோ பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துவிட்டேன்.

12 செப்டம்பர், வியாழன்

ப்ரொஃபசர் சாக்கில் உட்கார்ந்தார், பேன்ட் முழுக்கச் சாம்பல். முதல் அரைமணி நேரம் பெண்கள் வாயே திறக்கவில்லை. திருப்பதி நிற்கும்போது எப்படித் திறப்பார்கள்? தொழிலாளர் துறைக்காரர் அவரை டீ குடிக்க வெளியே கூட்டிப்போனார். அப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை.

ஆறாவது விதியை ராக்காயி சொல்ல இளமதி எழுதினார். "வீட்டுக்கு அனுப்பாதீங்க. பருப்புத் தோலு உரிக்கிற எடத்துல எண்ண கெடையாது. அங்கிட்டு மொற போட்டு எல்லாரும் மாறி மாறி ஒக்காருறோம். புண்ணு உள்ளவ மொதல்ல. கூலி அதே கூலி. எவ மொறைன்னு நாங்களே பேசிக்குவோம், மொதலாளிக்கு அது எதுக்கு?" கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கை பாத்த பேர அவருகிட்டக் குடுக்கக் கூடாது. அதையும் எழுதுங்க."

எழுதினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திருப்பதி வந்து கேட்டுவிட்டு முணுமுணுத்தார். "அப்ப எனக்கு என்னதான் தெரியும்?" "எத்தனை பேருன்னு தெரியும்" என்றார் இளமதி. மாதாமாதம் வந்து பார்ப்போம் என்று தொழிலாளர் துறைக்காரர் சொன்னதும், "வர்ற பருப்பு கொறையாம இருந்தாச் சரி" என்று போய்விட்டார்.

24 அக்டோபர், வியாழன்

கொட்டகையில் மூன்று மணி நேரம். தரையில் உட்கார்ந்து, நாற்பத்தொரு பேர் கையையும் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தேன். ராக்காயி தோல் உரிக்கிற இடத்தில் இருந்தாள். நாலரை விரலில் வேகம் இன்னும் வரவில்லை என்று அலுத்துக்கொண்டாள். நான் எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

புண், இருபத்து மூன்று பேருக்கு. இளமதியிடம் போனில் சொன்னபோது, "இருபத்து மூணா? நல்லது சிஸ்டர், ரொம்ப நல்லது!" என்று கத்தினார். வெளியாள் கேட்டிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "நர்சம்மா, நில்லுங்க. கையில மட்டும் இல்ல, முழங்காலுக்கு மேலயும் ஒன்னு இருக்கு. பாத்து எழுதிக்குங்க" என்றாள்.

வண்டியை நிறுத்திவிட்டு ரெஜிஸ்டரை மறுபடி எடுத்தேன்.