தலை சுற்றாத நாள் எது?

கடலூர் முதுநகர்,
டிசம்பர் 9.

அன்பு மகள் மாலதிக்கு அப்பா தேவசகாயம் எழுதுவது. ஆண்டவர் உன்னையும், உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும், மாப்பிள்ளை செம்பியனையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக.

தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சொல்லக் கூடாதது ஏதாவது என் வாயில் வரும் முன்பே தொடையில் கிள்ளிவிடுகிறாள். கடிதத்தைக் கிள்ள முடியாது. இப்போது மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். உன் பிரசவத்துக்கு நாங்கள் புனேவுக்கு வர ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று போன மாதம் சொன்னேன். டிக்கெட் கையில் இருந்தது. நான்தான் கேன்சல் செய்தேன். நீ 'பரவால்லப்பா' என்று சொல்லி போனை வைத்தாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். செப்டம்பர் கடைசியிலிருந்து அம்மாவுக்குத் தலைசுற்றல். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடிப்பாள். ஒருநாள் பூசையில் எல்லோரும் நிற்கும்போது இவள் மட்டும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பிடிவாதமாகச் சொன்னாள்: "நானே செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கறேன். அங்க போயி அவ என்னப் பாப்பாளா, புள்ளயப் பாப்பாளா? டிக்கெட்டு கெடைக்கலன்னு சொல்லிடுங்க." முதல் பேரப்பிள்ளையைக் கையில் வாங்க ஆறு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்ன வியாதியாக இருக்கும் என்று தெருவே யோசித்தது. கழுத்து எலும்பு என்றார்கள், காது என்றார்கள், எதிர்வீட்டு மாரியம்மாள் கண்பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நானும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்துவந்தேன். ஒன்றும் இல்லை என்று வந்ததும் இன்னும் பயம் ஜாஸ்தியானது.

அப்புறம் ஒருநாள் உன் அலமாரியில் சாவி தேடும்போது அந்தத் தாள் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் கோளாறு பண்ணினால் கம்பெனியில் இப்படித்தான் கேட்கச் சொல்கிறார்கள் என்று எழுதிக் காட்டினாயே, அதுதான். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம், கோளாறு எப்போது வருகிறது. மறுபக்கம், எப்போது வரவில்லை. கீழே, அது தொடங்குமுன் என்ன மாறியது. நாற்பது வருஷம் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்த்தவனுக்கு இதையெல்லாம் எழுதி வேறு காட்ட வேண்டுமா என்று அன்று உன்னைக் கேலி செய்தேன். உண்மையும் அதுதான். இன்ஜின் நின்றால் டீசல் எங்கே போட்டாய், எதைக் கழற்றினாய் என்று ஊரையே உலுக்கிவிடுவேன். கட்டிய பெண்டாட்டியிடம் மட்டும் அப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

காலண்டரை எடுத்துக்கொண்டு அம்மாவை உட்கார வைத்தேன். வந்த நாளெல்லாம் உடனே சொன்னாள். வராத நாள் எது என்றதும், "அதயெல்லாம் யாரு ஞாபகம் வச்சிக்குவா?" என்று சிடுசிடுத்தாள். விடவில்லை. கடைசியில், கல்லறைத் திருநாளை ஒட்டி நாலு நாள் நன்றாக இருந்தேன் என்றாள். அந்த நாலு நாள் எது இல்லை என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, சிதம்பரத்து மாத்திரை தீர்ந்துபோயிருந்தது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என்ன சிதம்பரத்து மாத்திரை?

செப்டம்பரில் சிதம்பரத்துக்குப் பொன்னி சித்தி வீட்டுக்குப் போனபோது, தினம் போடும் பிரஷர் மாத்திரையை இங்கேயே மறந்துவிட்டாள். அங்கே தலை வலிக்கிறது என்று சித்தி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். பிரஷர் ஏறியிருக்கிறது என்று அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே கடலூரில் பார்ப்பதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டால், "இன்னொரு டாக்டர்கிட்ட பாக்கறேன்னு சொன்னா அவுங்க கோச்சிக்க மாட்டாங்களா?" என்கிறாள். இங்கே உள்ளவரிடமும் அதே பயத்தில் மூச்சு விடவில்லை. அந்தப் பெயர் நம் பக்கத்துக் கடையில் இல்லை என்று சித்தியை வாங்கி அனுப்பச் சொல்லி, காலையில் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடை லூர்துசாமியிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படித்தார். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றுதான். அப்படியே அம்மாவை டாக்டரிடம் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். அவர் சோதித்துப் பார்த்து, ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டதில் பிரஷர் இறங்கித்தான் தலை சுற்றுகிறது என்று சொல்லி ஒன்றை நிறுத்தினார். "எங்கிட்ட சொன்னா நான் என்னம்மா கடிச்சிடுவனா?" என்று சிரித்தார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சின்னப் பிள்ளைபோல நின்றாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. நேற்று அவளே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினாள், நான் கத்தியும் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து, பழைய பருத்திப் புடவை, காடாம்புலியூர் முந்திரி எல்லாம் உள்ளே போய்விட்டது. கருவாடும் போகிறது. மாப்பிள்ளையைக் கொஞ்சம் தயார்செய்து வை. டிக்கெட் மறுபடி எடுத்தாயிற்று, இருபத்தெட்டாம் தேதி காலை புனேவில் இறங்குகிறோம். எனக்கு இந்த வயதில் குதிக்கலாம்போல இருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மாடி. எங்களிடம் 'நல்லாருக்கீங்களா' என்று கேட்காதே. அதற்கு எங்களுக்கு ஒரே பதில்தான் தெரியும், உயிர் போகும்வரை அதையே சொல்வோம். இன்று எதைச் செய்ய முடியவில்லை, புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று குடைந்து கேள். உன்னையும் அப்படித்தான் கேட்கப் போகிறேன். கால் எந்த நேரத்தில் வீங்குகிறது? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? 'ஒண்ணுமில்லப்பா' என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பதிலை உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

நாங்கள் வந்து சேரும்வரை ஆண்டவர் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அதற்கப்புறம் அந்த இடத்தை அம்மாவுக்குக் கொடுக்கட்டும்.

உன் அப்பா,
தேவசகாயம்.