கொப்பியின் மறுபக்கம்

நற்பிட்டிமுனை
டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி அப்ராஸுக்கு,

ராத்தா ஸுஹைறா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்று கேட்கவும் கை வரவில்லை. அல்லாஹ் உன் உயிரைக் காத்து வைத்திருக்கிறான் என்பதை ஜவாத் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொத்துவிலில் ஒரு மீன் வாடிக்குள் கிடக்கிறாயாம், தாடியை எடுத்துவிட்டாயாம், சிம்மைக் கடலில் வீசிவிட்டாயாம். மீன் லொறி ஓட்டுகிறவன் கண்ணில் படாமல் கரையில் யார் ஒளிய முடியும்? அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஆழ்கடல் போட்டில் போயிருப்பதாக உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாளாக உன் பேர் சொல்லி யாசீன் ஓதுகிறா. காற்று பலத்தால் எழும்பிக் கூரையைப் பார்க்கிறா. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே வெட்கமாக இருக்கிறது.

மீராசாக் காக்கா உயிரோடுதான் இருக்கிறார். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இடது கண் இல்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணீரைக் குழாயால் விடுகிறார்கள், பாதி மூக்கால் வருகிறது. வலது கையில் மூன்று விரல் இனி மடங்காதாம். அவர் மனைவி ஸித்தி லைலா கட்டில் காலடியில் தரையில் இருந்தா. என்னைக் கண்டு எழும்பவுமில்லை, ஏசவுமில்லை. நான் கொண்டுபோன பழத்தை மட்டும் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டா.

உனக்குத் தெரிந்த கதையையே நான் எழுதப்போகிறேன். ஆனால் அதில் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு, தன் வாடியின் ஐஸ் அறைக்குள் நின்றபோது வானத்திலிருந்து ஒரு மலக்கின் சத்தம் கேட்டது என்று மீராசாக் காக்கா சொல்லத் தொடங்கினார். முதலில் எல்லாருக்கும் பகிடிதான். காக்கா, மலக்குக்குக் குளிரப்போகுது, ஒரு ஜக்கெட் வாங்கிக் குடுங்க என்று நீ அவரிடமே கேட்டதாக வந்து சொல்லி, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். பிறகு, செவ்வாய்க்கிழமை வடக்கே கீரி மீன் படும் என்றார். பட்டது. உன் வலை பாரம் தாங்காமல் கிழிந்தது. அன்றோடு உன் சிரிப்பும் நின்றது.

அதற்குப் பிறகுதான் அந்த மனுஷன் சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னார். தனக்கு இறைவனிடமிருந்து வஹி வருகிறது என்றார். பழைய வேதமான தவ்றாத்தில், உங்கள் சகோதரரிலிருந்து என்னைப்போல ஒரு நபி வருவார் என்று மூஸா நபி (அலை) சொன்னது தன்னைத்தான் என்றார். அது நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றியது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் நீ குசினி வாசலில் வந்து நின்று, இன்னும் ஒராள் வந்தா என்ன ராத்தா என்று கேட்டாய். சோறு வடித்துக்கொண்டிருந்த நான் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

எனக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை, தம்பி. நபிமாரின் வரவு நாயகத்தோடு முடிந்தது. ஆனால் உனக்கு நான் சொன்னது காதில் ஏறவில்லை. அவர் தவ்றாத்தைக் காட்டினார், நீங்க எதைக் காட்டுறீங்க என்றாய். சரி, அவர் காட்டிய இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று, கல்முனையில் சேர்ச்சுக்குப் போகிற தங்கரத்தினம் டீச்சரிடம் அவருடைய வேதப் புத்தகத்தை இரவல் கேட்டேன். யஹூதிகளுடைய பழைய வேதமும் இதற்குள்தான் இருக்கிறது என்று பக்கத்தை எடுத்துக் காட்டி, ஒரு துவாயில் சுற்றித் தந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி வாசிக்க நான்கு நாள் சென்றது.

அவர் காட்டிய வரி அங்கே இருந்தது. ஆனால் அவரும் அதற்குக் கீழே போகவில்லை, கேட்டவர்களும் போகவில்லை. கொஞ்சம் கீழே சோதனையே இருந்தது. இறைவன் சொல்லாததை அவன் பேரால் சொல்லத் துணிகிறவன் சாக வேண்டும் என்று ஒரு வரி. அப்படியானால் அதை எப்படி அறிவது என்று நீ கேட்பாய், அவன் சொன்னது நடக்காவிட்டால் அது இறைவனின் பேச்சல்ல, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம் என்று அடுத்த வரி. சில பக்கம் முன்னால் இன்னொன்றும் கண்டேன். ஒருவன் அடையாளம் சொல்லி அது அப்படியே நடந்தாலும், அவன் உன்னை வேறு பக்கம் இழுத்தால் போகாதே, உன் நேசம் உண்மையா என்று இறைவன் உன்னைத்தான் சோதிக்கிறான் என்று இருந்தது. அதை வாசித்தபோது உன் கீரி மீன்தான் நினைவுக்கு வந்தது.

நான் எதையும் அரைகுறையாக எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அரிசி முடிந்த நாளும் உம்மாவுக்கு மருந்து மாற்றிய நாளும் அந்த நீலக் கொப்பியில் திகதியோடு இருக்கும். அதே கொப்பியைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதினேன். வேத வரிகளை ஒன்றும் விடாமல் எழுதினேன். சாக வேண்டும் என்ற வரியோடு ஒற்றையின் முன்பக்கம் முடிந்தது. மற்றதை மறுபக்கத்தில் எழுதினேன். அதன்பிறகு காக்கா சொன்னது, சொன்ன நாள், கேட்டவர், நடந்தது என்று கோடு போட்டு நிரப்பினேன்.

கார்த்திகைக்குள் பத்தொன்பது சேர்ந்தது. பதினொன்று நடந்தது, எட்டு நடக்கவில்லை. நடந்ததில் நாலு மழை. வாடைக் காலத்தில் மழை பெய்யும் என்று சொல்ல வஹி வேண்டுமா? தன் கொழுந்தியாளுக்கு ஆண் பிள்ளை என்றார். பெண் பிறந்தது. ஆம்பிளைக் குணமுள்ள பிள்ளை என்று மாற்றினார், கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

இனி உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். முதல் பிழை ஆவணியிலேயே விழுந்துவிட்டது. அந்தச் சோதனைக்கு ஒரு பிழை போதும். நான் அன்றைக்கே உன் கையைப் பிடித்துக் கொப்பியைக் காட்டியிருக்க வேண்டும். கணக்கு இன்னும் நிறையட்டும், இவன் வாய் திறக்க முடியாதபடி காட்டுவோம் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்றுக்குப் பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று எட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை வெல்ல வேண்டும் என்று நினைத்தேன், காப்பாற்ற நினைக்கவில்லை. ஒன்பதாவதாக உன் கூட்டாளி அஹ்ஸன் போனான்.

நவம்பர் முப்பது, வியாழன். வாடைக் காத்திட கழுத்த மலக்கு புடிச்சிக்கிட்டு நிக்கிறார், வெள்ளி வரைக்கும் விடமாட்டார் என்று காக்கா சொன்னதை நம்பி ஒலுவிலில் போட்டைத் தள்ளினாய். முழங்கால் வலிக்குது மச்சான், காத்து வரும் என்று அஹ்ஸன் மறுத்திருக்கிறான். உன்ட முழங்காலும் நபியாகிட்டா என்று நீ கேட்டதும் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் ஏறினான் என்று அவன் மனைவி நதீரா சொன்னா. துறைமுக வாயைத் தாண்டியதும் போட் கவிழ்ந்தது. உனக்குப் பிடித்து மிதக்க ஒரு எண்ணெய்க் கான் அகப்பட்டது. அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை கரை ஒதுங்கியவனுக்கு முகம் இருக்கவில்லை. களிசானில் தான் போட்ட தையலைப் பார்த்துத்தான் நதீரா ஓம், அவர்தான் என்றா.

ஞாயிறு அசர்த் தொழுகைக்கு ஒழு எடுத்துவிட்டு வந்தால் அலுமாரி உடைந்து கிடக்கிறது, கொப்பியைக் காணோம். நான் எழுதிப் பூட்டுவதை நீ எப்போதோ கண்டிருக்கிறாய். ஓட்டோ பிடித்துக் கடற்கரைக்கு வந்தேன். வாடிக்கு முன்னால் போட்டின் மேல் ஏறி நின்று நீ வாசித்துக்கொண்டிருந்தாய். என் எழுத்து உன் வாயால் வந்தது. இந்த இந்த நாள் சொன்னது, நடக்கவில்லை. இந்த நாள் சொன்னது, நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சனம் ஊ என்று கத்தியது. கடைசியாக அந்த ஒற்றையை எடுத்தாய். துணிகிறவன் சாக வேண்டும் என்று வாசித்தாய். அதோடு கொப்பியை மூடினாய்.

பிரட்டுடா, மறுபக்கத்தைப் பிரட்டுடா என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்துக்குள் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவரைத் தாடியில் பிடித்து வெளியே இழுத்தார்கள். நபி வாறார், பாதைய விடுங்க என்று ஒருவன் கத்தினான். செருப்பால் அடித்தார்கள். டேய், இப்ப மலக்கக் கூப்பிடு, எத்தின மணிக்கு வருவாரெண்டு அடையாளம் சொல்லு என்று இன்னொருவன் கேட்டு வாயில் உதைத்தான். பல் மணலில் விழுந்ததை நான் கண்டேன். ஸித்தி லைலா ஓடிவந்து அவர் மேல் விழுந்தா. அவட தலைச்சீலையோடு சேர்த்து மயிரைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். வாடிக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். உள்ளே ஐஸ், வெளியே நெருப்பு. தகரம் வெடித்தது.

அப்போது நீ துடுப்போடு வந்தாய். உன் முகம் அழுதுகொண்டிருந்தது, அப்ராஸ். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. முதல் அடியைக் கையால் மறித்தார், விரல்கள் உடைந்தன. இரண்டாவது தாடையில் விழுந்தது. மூன்றாவது கண்ணில். ஒவ்வொரு அடிக்கும் நீ அஹ்ஸனின் பேரைச் சொன்னாய். நீ யாரை அடித்தாய் என்று எனக்குத் தெரியும். அவனைப் போட்டில் ஏற்றிய உன் கையைத்தான் அடித்தாய். ஆனால் அடிபட்டது இன்னொரு மனுஷனின் முகம்.

நான்காவதுக்கு ஓங்கியபோது உன்னை இடுப்போடு கட்டிப்பிடித்துத் துடுப்பைப் பிடுங்கியவர் பாண்டிருப்புச் சாமித்தம்பி அண்ணன். காக்காவின் வாடியில் பதினாறு வருடமாக ஐஸ் உடைக்கிறவர். தம்பி, போதும், நான் கும்பிடுறன் என்றார். நீ ஓடினாய். துடுப்பு அவர் கையிலேயே இருந்தது.

போன்களில் விழுந்த படம் அதுதான். கீழே இரத்தத்தில் காக்கா, மேலே துடுப்போடு சாமித்தம்பி அண்ணன். நீ முதுகு மட்டும்தான். பொலிஸ் அவரைப் பிடித்துப் பதினொரு நாள். அடித்த அடியில் அவருக்கு ஒரு காதில் இரத்தம் வந்ததாம். மகள் சுஜித்தா நம் வீட்டு கேற்றில் வந்து நின்று, அக்கா, நீங்க அங்க நிண்டீங்கதானே, அப்பா அடிச்சவரா என்று கேட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடிக்காமல் போனாள்.

பின்னேரம் நம் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தமிழாள் ஒருத்தன் உள்ள இருக்கிறது நல்லந்தானே ராத்தா, நம்மட பொடியன் தப்பினான், நீங்க ஒண்டும் காணல்ல என்றார்கள். நான் பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் நம் ஓட்டில் கல் விழுந்தது. பாண்டிருப்புச் சந்தியில் நம் ஆட்களின் ஓட்டோ ஒன்றை உடைத்து, ஓட்டியவரின் மண்டையைப் பிளந்திருக்கிறார்கள். பதிலுக்கு இங்கே வாள் தீட்டுகிறார்கள். அப்ராஸ், நீ மூடிய ஒரு கொப்பியிலிருந்து இரண்டு ஊர் எரியப் பார்க்கிறது.

அந்தச் சோதனை மீராசாக் காக்காவுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஆவணியிலேயே அதில் தோற்றுவிட்டார். அதற்குப் பிறகு கேள்வி நம்மிடம்தான் இருந்தது. உனக்கும் எனக்கும் ஒரே கேள்வி. நீ ஞாயிற்றுக்கிழமை பிழைவிட்டாய். நான் அதற்கு மூன்று மாதம் முன்பே பிழைவிட்டேன். சொந்தத்துக்கு எதிராக இருந்தாலும் சாட்சியை மறைக்காதே என்று நம் குர்ஆனில் ஓதிவிட்டு, இன்னொருவரின் தகப்பன் உள்ளே கிடக்க நான் எந்த முகத்தோடு தொழுகைக்கு முசல்லாவில் நிற்பது?

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பொலிசுக்குப் போகிறேன். கொப்பியையும் கொடுக்கப்போகிறேன். மணலில் கிடந்ததை அன்றே எடுத்து வந்துவிட்டேன், அட்டையில் இரத்தம் காய்ந்திருக்கிறது. துடுப்பு யார் கையில் இருந்தது, யார் பிடுங்கியது என்று கண்டதைக் கண்டபடி சொல்வேன். உன் பேரைச் சொல்வேன். இதை உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜவாத் ஞாயிறு பின்னேரம் திரும்பி வருகிறான். அவன் லொறியில் ஏறி வா. வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நீயாகப் போய்ச் சொல்வதும் உன்னைப் பிடித்துக்கொண்டு போவதும் அல்லாஹ்விடத்தில் ஒன்றல்ல. நீ வராவிட்டாலும் நான் போவேன். அதன்பிறகு அவர்கள் உன்னை எங்கே வைத்தாலும் ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு வருவேன். உம்மாவிடமும் நானே உண்மையைச் சொல்வேன்.

கொப்பியைக் கிழிக்கவில்லை, அது சாட்சி. நீ பிரட்டாத அந்த மறுபக்கத்தை மட்டும் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து வரிதான். கடைசி வரியை இரண்டு தரம் வாசி. பொய் சொன்னவனுக்கே பயப்பட வேண்டாம் என்று இருக்கிறது. உண்மையைச் சொல்லப்போகிறவனுக்கு என்ன பயம் தம்பி?

அல்லாஹ் உன் கையை மன்னிக்கட்டும். என் வாயையும் மன்னிக்கட்டும். அஹ்ஸனுக்குச் சுவர்க்கத்தையும், மீராசாக் காக்காவுக்கு மிஞ்சிய கண்ணில் நேரான வழியையும், சாமித்தம்பி அண்ணனுக்கு அவர் வீட்டு வாசலையும் கொடுக்கட்டும். ஆமீன்.

ஞாயிறு இரவுச் சோற்றில் உனக்கும் சேர்த்து அரிசி போடுவேன்.

உன் ராத்தா
ஸுஹைறா